சிறுநீர்ப் பாதையில் அடிபட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், விளையாட்டில் விலாவில் பட்ட உதை, கத்திக்குத்து, சில நேரம் வேறொரு அறுவை சிகிச்சையின்போதே நேர்ந்த வெட்டு. காரணம் எதுவானாலும், சிறுநீர்ப் பாதையில் காயம் என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வார்டில் நின்றபடி அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிற பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். இந்தக் காயங்கள் பலவற்றில், எதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பதே பாதி சிகிச்சை.

சிறுநீர்ப் பாதை என்றால் எதெல்லாம் சேரும்?

விலா எலும்புகளுக்கு அடியில், முதுகுப் பக்கமாக இருக்கும் இரண்டு சிறுநீரகங்கள். அவற்றிலிருந்து கீழே இறங்கும் இரண்டு மெல்லிய சிறுநீர்நாளங்கள். மருத்துவ அறிக்கைகளில் யூரிட்டர் என்று இருக்கும். இடுப்பெலும்பு வளையத்துக்குள் சிறுநீர்ப்பை. அங்கிருந்து வெளியே வரும் பாதை சிறுநீர்ப்புறவழி, அதாவது யூரேத்ரா. நான்கும் ஒரே பாதை என்றாலும் ஒவ்வொன்றும் அடிபடும் விதம் வேறு, வைத்தியமும் வேறு. மற்றவற்றைவிட அதிகம் அடிபடுவது சிறுநீரகம். அதனால்தான் விபத்து எப்படி நடந்தது, எந்தப் பக்கமாக விழுந்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார்.

சிறுநீர் ரத்தமாகப் போகிறது. காயம் பெரியது என்று அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. சிறுநீரகத்தில் வெறும் கன்றல் இருந்தாலே சிறுநீர் சிவந்து, பார்த்தவரைப் பதறவைக்கும். மாறாக, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனி உள்ளே அடைபட்டுப் போயிருந்தாலோ, சிறுநீர்நாளம் சிறுநீரகத்தோடு சேரும் இடத்தில் அறுந்திருந்தாலோ, சிறுநீர் தெளிவாகவே இருக்கலாம். அந்தப் பக்கத்துச் சிறுநீர்தான் கீழே வந்து சேரவே இல்லையே! ஆகவே "யூரின் நல்ல நிறத்தில்தான் போகிறது" என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வேகமாக வந்த வண்டி சட்டென்று நின்றது, உயரத்திலிருந்து விழுந்தது, விலாவிலோ முதுகிலோ கன்றல் இருக்கிறது, கீழ்விலா எலும்பு முறிந்திருக்கிறது என்றால், நிறம் எப்படியிருந்தாலும் பரிசோதனை வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடிபாடுகளுக்கு அடியில் நெடுநேரம் சிக்கிக் கிடந்தவருக்குச் சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால், அது ரத்தமாக இல்லாமல் நசுங்கிய தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற பொருளாகவும் இருக்கலாம். சிறுநீர்ப் பாதையில் காயமே இல்லாவிட்டாலும் அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். அதற்குச் சிகிச்சை வேறு. உடனே ட்ரிப்ஸில் நிறைய திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

மருத்துவமனைக்குப் போகும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

படுக்கவைத்தபடியே கொண்டுபோங்கள். இடுப்பெலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எழுப்பி உட்காரவைப்பதும் நடக்கவைத்துப் பார்ப்பதும் கூடாது. உடலில் எதாவது குத்தி நிற்கிறது என்றால் அதைப் பிடுங்கக்கூடாது. ரத்தம் பீறிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது சில நேரம் அதுவாகவே இருக்கும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காதீர்கள். "ஒரு தடவை முக்கிப் பாருங்கள், யூரின் வருகிறதா பார்ப்போம்" என்று வற்புறுத்த வேண்டாம். தானாகப் போனால், அதன் நிறத்தைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபாரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதாவது சாப்பிடுபவர் என்றால் முதலில் சொல்ல வேண்டிய விவரம் அதுதான்.

ஒரு முறை சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்களே?

நரம்பில் செலுத்தும் சாய மருந்து முதலில் ரத்தக்குழாய்களில் ஓடும். அப்போது எடுத்த படத்தில் ரத்தக் கசிவு தெரியும். அதே மருந்தைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரில் இறக்க, ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு எடுத்தால்தான் சிறுநீர் எங்கே கசிகிறது என்று தெரியும். இந்த இரண்டாவது படத்தைத் தவறவிட்டால் சிறுநீர்நாளக் காயம் கண்ணுக்குப் படாமல் போய்விடலாம். ஆனால் ரத்த அழுத்தம் நிலைக்கு வராமல் சரிந்துகொண்டே போகிறவரை ஸ்கேன் அறைக்கு அனுப்ப மாட்டார்கள். நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான்.

சிறுநீரகம் கிழிந்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். கவனிக்காமல் விடுகிறார்களா?

அதிகம் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. உறுப்பு கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, படுக்கையில் கிடங்கள் என்றால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பும், அதற்கு மேல் உறுதியான ஓர் உறையும் இருக்கின்றன. உள்ளே கசியும் ரத்தம் அந்த உறைக்குள்ளேயே தேங்கி, தேங்கத் தேங்க அழுத்தம் கூடி, கசிவைத் தானே அமுக்கி நிறுத்திவிடும். அவசரப்பட்டு வயிற்றைத் திறந்து உறையை வெட்டினால் அந்த அழுத்தம் போய்விடும். ரத்தம் மறுபடி பீறிடும். அதை நிறுத்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் நிறைய சிறுநீரகங்கள் பறிபோயின.

காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். முதல் தரம் கன்றல். இரண்டும் மூன்றும் ஆழம் கூடிய கிழிசல்கள். 1 சென்டிமீட்டர்தான் இரண்டுக்கும் எல்லை. சிறுநீர் சேரும் அறைவரை கிழிந்துவிட்டால் நான்கு. சிதறிப்போனாலோ, ரத்தக்குழாய்க் கொத்தே பிய்ந்துவிட்டாலோ ஐந்து. முதல் மூன்று தரங்கள் கிட்டத்தட்ட எப்போதுமே கத்தி படாமல் ஆறிவிடும். நான்காம் தரத்திலும் பெரும்பாலானவை ஆறும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் ஐந்தாம் தரத்தில்கூடச் சிலருக்குக் காத்திருந்து பார்க்கிறார்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் அடிக்கடி குறிப்பார்கள். ஹீமோகுளோபின் சில மணி நேரத்துக்கு ஒரு முறை. கட்டிலுக்குப் பக்கத்தில் மூடிபோட்ட சிறு குப்பிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை போன சிறுநீரிலும் கொஞ்சம் எடுத்து, நேரம் எழுதி ஒட்டி, அடுத்தடுத்து நிறுத்திவைப்பார்கள். முதல் குப்பி அடர் சிவப்பு, அடுத்தது கொஞ்சம் வெளுத்தது, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் மஞ்சள். வெளுத்துக்கொண்டே வந்த வரிசையில் திடீரென்று ஒரு குப்பி மறுபடி சிவந்தால் நர்ஸ் உடனே மருத்துவரைக் கூப்பிடுவார். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் நிற்கும்வரை படுக்கையிலேயே இருக்கச் சொல்வது இதனால்தான். காயம் ஆழமானது என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி கூடினாலோ இரண்டு மூன்று நாளில் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள்.

ரத்தம் நிற்கவில்லை என்றால்?

ரத்த அழுத்தம் ஓரளவு தாங்கினால், தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் தேடிப்பிடித்து அடைத்துவிடலாம். எம்போலைசேஷன் என்பது இதுதான். சிறுநீரகத்தில் அந்தக் கிளை போஷித்த சிறு பகுதி போய்விடும், மீதி பிழைக்கும். ரத்தம் ஏற்ற ஏற்ற அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, சிறுநீரகத்தைச் சுற்றித் தேங்கிய ரத்தக்கட்டு துடித்துக்கொண்டு பெருகுகிறது என்றால் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். அப்போது முதல் வேலை உயிரைக் காப்பது. தைத்துக் காப்பாற்ற முடிந்தால் தைப்பார்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள். கத்தி, துப்பாக்கிக் காயங்களில் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு அதிகம்.

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். இனி இயல்பாக வாழ முடியுமா?

மற்றது நலமாக இருந்தால் முடியும். இந்தக் கேள்விக்கு 1869-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் விடை தேடினார். அவரிடம் வந்த பெண்ணுக்கு, முன்பு நடந்த ஓர் அறுவையில் சிறுநீர்நாளம் காயப்பட்டு, சிறுநீர் இடைவிடாமல் கசிந்துகொண்டிருந்தது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு உயிர் தரிக்குமா என்று முதலில் நாய்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தை எடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இன்று அந்தக் கசிவுக்காகச் சிறுநீரகத்தை எடுக்க வேண்டிய நிலை அரிதாகத்தான் வருகிறது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் செய்ய வேண்டியது: ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருப்பது, கண்டபடி வலி மாத்திரை விழுங்காமலிருப்பது, ஆண்டுக்கு ஒரு முறை கிரியாட்டினினும் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றும் கழிவுப்பொருள்) சிறுநீர்ப் புரதமும் பார்ப்பது.

வீட்டுக்கு வந்தபின் எதற்குப் பயப்பட வேண்டும்?

முதல் இரண்டு வாரத்துக்கு அதிகக் கவனம் வேண்டும். உள்ளே காயப்பட்ட தமனியின் சுவர் புடைத்து, நாட்கள் கழித்து வெடிப்பது உண்டு. தெளிந்த சிறுநீர் மறுபடி சிவந்தாலோ, கட்டி கட்டியாக வந்து அடைத்தாலோ, தலைசுற்றினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ இரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள். கனமான பொருள் தூக்குவது, ஓடுவது, முட்டி மோதும் விளையாட்டு எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். ஆழமான காயம் என்றால் அது சில மாதங்கள் ஆகும். பலரும் மறந்துவிடுவது ரத்த அழுத்தத்தை. சிறுநீரகத்தைச் சுற்றிய ரத்தக்கட்டு அதை அமுக்கிக்கொண்டிருந்தால், மாதங்கள் கழித்தும் ரத்த அழுத்தம் ஏறலாம். வலியே இருக்காது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

குழந்தைக்கு அடிபட்டிருக்கிறது. பெரியவர்களுக்குச் சொல்வதே பொருந்துமா?

சிகிச்சை பெரும்பாலும் அதேதான். குழந்தைகளுக்குக் கத்தி இல்லாமலே ஆறுவது மிக அதிகம். ஆனால் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகம் பெரியது. சுற்றியுள்ள கொழுப்பு குறைவு. விலா எலும்பு வளைந்துகொடுக்கும். அதனால் சைக்கிள் கைப்பிடி வயிற்றில் குத்தினால்கூடச் சிறுநீரகம் காயப்படலாம். அதோடு, நிறைய ரத்தம் இழந்தபின்பும் குழந்தையின் ரத்த அழுத்தம் கடைசிவரை சரியாகவே காட்டி, பிறகு மளமளவென்று சரியும். அழுத்தம் நன்றாக இருக்கிறது என்ற ஆறுதல் குழந்தை விஷயத்தில் போதாது. லேசாக இடறி விழுந்ததற்கே ரத்தமாகப் போனால், பிறவியிலேயே சிறுநீரகத்தில் அடைப்போ அமைப்புக் கோளாறோ, அரிதாகக் கட்டியோ இருந்து அது இப்போது வெளிப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிறுநீர்ப்பை கிழிந்தால் தானாக ஆறுமா?

எந்த இடத்தில் கிழிந்தது என்பதைப் பொறுத்தது. நிறைந்த பையோடு இருப்பவருக்கு அடிவயிற்றில் பலமாக அடி விழுந்தால் பையின் மேல்கூரை வெடித்து, சிறுநீர் வயிற்றறைக்குள் குடல்களுக்கு நடுவே கொட்டும். இது தானாக ஆறாது, தைத்தாக வேண்டும். மது அருந்தியவர்களிடம் இதைக் கவனமாகத் தேட வேண்டும்: பை நிறைந்திருக்கும், வலியும் உறைக்காது. மறுநாள் வயிறு உப்பி, சிறுநீர் போகவில்லை என்று வருவார்கள். கொட்டிய சிறுநீரை வயிற்றுச் சவ்வு மறுபடி உறிஞ்சிக்கொள்வதால் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பிழையாக எண்ண இடமுண்டு.

இடுப்பெலும்பு முறிவோடு வரும் கிழிசல் பெரும்பாலும் பையின் கீழ்ப்பகுதியில், வயிற்றறைக்கு வெளியே இருக்கும். அதற்குக் கத்தீட்டர், அதாவது சிறுநீரை வடிக்கும் ட்யூப், போட்டுப் பையைக் காலியாகவே வைத்திருந்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் கிழிசல் மூடிக்கொள்ளும். எலும்புச் சில்லு பைக்குள் குத்தி நின்றாலோ, பையின் கழுத்து கிழிந்தாலோ, மலக்குடலோ யோனியோ சேர்ந்து காயப்பட்டாலோ அதையும் தைக்க வேண்டும்.

இடுப்பெலும்பு முறிவும் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் சேர்ந்து இருந்தால், பையில் சாய மருந்தை நிரப்பிப் படம் எடுக்காமல் விடக்கூடாது. குறைந்தது 300 மில்லி நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய பையில் சிறு கிழிசல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

இடுப்பெலும்பு முறிந்தவருக்குச் சிறுநீர் போகவில்லை. சாதாரண ட்யூப் போடாமல் அடிவயிற்றில் துளையிட்டுப் போட்டிருக்கிறார்களே, ஏன்?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்புறவழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். அதில் ஒரு பகுதி இடுப்பெலும்பு வளையத்தோடு தசைநார்களால் இறுகப் பிணைந்திருக்கிறது. எலும்பு முறிந்து விலகும்போது அந்த இடமும் சேர்ந்து இழுபட்டுக் கிழியும், சில சமயம் முழுக்க அறுந்துபோகும். ஆணுறுப்பின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், பை நிறைந்தும் கழிக்க முடியாமை, விதைப்பைக்குப் பின்னால் கருநீலக் கன்றல். இவற்றில் எது இருந்தாலும், கத்தீட்டரைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். பாதி கிழிந்த குழாயில் ட்யூபைத் திணித்தால் முழுக்கக் கிழிந்துவிடக்கூடும்.

முதலில் படம். நோயாளியைச் சற்றே ஒருபக்கமாகச் சாய்த்து, நுனித் துவாரத்தில் சிறு குழாயைப் பொருத்தி, 20, 30 மில்லி சாய மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். பாதை முழுதாக இருந்தால் திரையில் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து போய்ப் பையைத் தொடும். கிழிந்திருந்தால் கோடு நடுவில் நின்று, மருந்து அங்கேயே திட்டாகப் பரவும். அனுபவமுள்ள சிறுநீரக அறுவை நிபுணர் ஒரே ஒரு முறை மென்மையாக ட்யூபைச் செலுத்திப் பார்க்கலாம். தடை பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். அதன்பிறகு பாதுகாப்பான வழி அடிவயிறுதான். தொப்புளுக்குக் கீழே, பைக்கு நேராகப் போடும் அந்தக் குழாய் கிழிந்த இடத்தைத் தொடாமலே பையைக் காலிசெய்யும்.

பிறகு மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். உடனே தைத்தால் என்ன?

முதல் சில நாட்களில் அந்த இடம் முழுவதும் ரத்தம் கட்டி, வீங்கி, நைந்து கிடக்கும். அப்போது தைப்பது ஈரக் காகிதத்தைத் தைப்பது மாதிரி, பிடிமானமே கிடைக்காது. சில மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப் வழியாக ட்யூபைக் குறுக்கே கொண்டுபோய் இரு முனைகளையும் நேர்ப்படுத்திவைப்பார்கள். அது சிலருக்குப் போதும், பலருக்குப் பின்னால் சுருக்கம் விழும். அறுந்தே போனவருக்கு, வீக்கம் வடிந்து, தழும்பு முற்றி, எலும்பும் கூடியபின் தழும்பை வெட்டியெடுத்து நல்ல முனைகளை இணைப்பதுதான் நிலைத்து நிற்கும் வைத்தியம். அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். யூரேத்ரோபிளாஸ்டி என்ற இந்த அறுவை, இதையே தொடர்ந்து செய்யும் கைகளில் பெரும்பாலானவர்களுக்கு வெற்றியாகிறது. முதல் முயற்சி தோற்றால் அடுத்தது கடினம். அதனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்காமல், இந்த அறுவையில் பழக்கம் உள்ளவரைத் தேடிப்போங்கள்.

ஆண்மை போய்விடுமா? இதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

தயங்காமல் கேளுங்கள், மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். விறைப்புக்கான நரம்புகளும் ரத்தக்குழாய்களும் கிழிந்த இடத்தை ஒட்டியே ஓடுகின்றன. இடுப்பெலும்பு முறிவின்போதே அவையும் காயப்படுவதால் கணிசமானவர்களுக்கு விறைப்புக் குறைபாடு வருகிறது. பெரும்பாலும் காரணம் விபத்துதான், பின்னால் நடக்கும் அறுவை குறைவாகவே. சிலருக்கு இரண்டு ஆண்டுவரை படிப்படியாகத் திரும்பும். மாத்திரை, ஊசி, கருவி என்று வழிகள் இருக்கின்றன. மனைவியையும் ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள். இருவரும் தனித்தனியே மனதில் போட்டு வதைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பெண்களுக்கு இந்தக் காயம் வராதா?

அரிது. பெண்களின் சிறுநீர்ப்புறவழி சுமார் 4 சென்டிமீட்டர்தான், எளிதில் அசைந்துகொடுக்கும். ஆனால் வந்தால் யோனிச் சுவரும் சேர்ந்து கிழிந்திருக்கலாம். இடுப்பெலும்பு முறிந்த பெண்ணுக்கு யோனிப் பரிசோதனை செய்வது அதனால்தான். கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள்.

கர்ப்பப்பை அகற்றியபின் இடைவிடாமல் நீர் கசிகிறது. சிறுநீரா, வேறு எதாவதா?

சிறுநீர்நாளம் விபத்துகளில் அரிதாகவே அடிபடும். அதிகம் காயப்படுவது அறுவைகளின்போதுதான். கர்ப்பப்பைத் தமனிக்குச் சற்றுக் கீழே சில மில்லிமீட்டர் அகலத்தில் ஓடும் குழாய் அது. தமனியைக் கட்டும்போது அதுவும் சேர்ந்து கட்டுப்படவோ வெட்டுப்படவோ கூடும். கவனமாகச் செய்யும் கைகளுக்கும் நேரக்கூடியது. அறுவைக்குப் பின் விலாப்பக்கம் வலி, காய்ச்சல், வயிறு உப்புதல், யோனி வழியாகக் கசிவு என்று எதாவது இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கசியும் நீரை எடுத்துக் கிரியாட்டினின் பார்த்தால் விடை தெரிந்துவிடும்: ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம் என்றால் சிறுநீர்தான்.

அறுவை மேசையிலேயே கண்டுபிடித்தால் அப்போதே சரிசெய்வது எல்லாவற்றிலும் நல்லது. பின்னால் தெரிந்தால், சிறு காயத்துக்கு உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தாலே ஆறலாம். அது ஏறாவிட்டால் முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியே எடுப்பார்கள். கீழ்ப்பகுதி அறுந்திருந்தால் நாளத்தைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்தலாம். நீளம் போதாவிட்டால் பையையே மேலே இழுத்துத் தசையோடு தைத்து எட்டச் செய்வார்கள்.

ஸ்டென்ட்டை எப்போது எடுக்க வேண்டும்?

காயத்தைப் பொறுத்து பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். வெளியே எதுவும் தெரியாது, வலியும் பழகிவிடும். அதனால் மறந்தே போகிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேல் கல் படிந்து, இழுத்தால் வராத நிலைக்குப் போய், சிறுநீரகத்தையே கெடுத்த கதைகள் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று வார்டைவிட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தேதியை வீட்டில் இரண்டு பேர் போனில் போட்டுவைத்துக்கொள்ளட்டும்.

அப்பா கத்தீட்டரைத் தானே இழுத்துப் பிடுங்கிவிட்டார். மறுபடி நாங்களே போட்டுவிடலாமா?

வேண்டாம். ட்யூப் நழுவாமலிருக்க உள்ளே ஊதிய பலூனோடு வெளியே வந்ததால் பாதை கிழிந்திருக்கலாம். மருத்துவமனைக்குப் போய், தேவைப்பட்டால் உள்ளே பார்த்தபடி வழிகாட்டிக் கம்பியின் மேல் புது ட்யூப் போடுவதுதான் சரி. குழப்பத்தில் இருக்கும் முதியவர்களுக்கு ட்யூபைத் தொடையோடு பட்டை போட்டு ஒட்டி, சிறுநீர் வடியும் பிளாஸ்டிக் பையைக் கைக்கு எட்டாமல் வைத்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கால்களுக்கு நடுவே அடிபட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது மாதங்கள் கழித்துச் சிறுநீர் மெலிந்து போகிறது. தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. சைக்கிள் பாரிலோ சுவரிலோ கால் விரித்து விழுந்தவர்களுக்குப் புறவழியின் முன்பகுதி எலும்பில் நசுங்குகிறது. அது தழும்பாகி, குழாயைச் சுருக்க மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். தாரை மெலிவது, இரண்டாகப் பிரிவது, முக்கிக் கழிப்பது, கழித்தபின்னும் பை காலியாகாத உணர்வு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் அதன் அறிகுறிகள். சிறுநீர் வேகத்தை அளக்கும் எளிய சோதனையும் சாய மருந்துப் படமும் போதும், கண்டுபிடித்துவிடலாம். சுருக்கம் குட்டையாக இருந்தால் எண்டோஸ்கோப்பில் ஒரு முறை வெட்டி விரிக்கலாம். திரும்பத் திரும்ப வெட்டி விரித்துக்கொண்டே போனால் தழும்பு நீளும். இரண்டாம் முறை சுருங்கினால் யூரேத்ரோபிளாஸ்டி பற்றிக் கேளுங்கள். பழைய விபத்தின் தேதி ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.